கல்லணையில் நின்றுபோன விரல்

தஞ்சாவூர்:
பார்வையற்ற பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்க, ஆறாம் வகுப்புக்கான காவிரி டெல்டா வரைபடம். அட்டையில் சணல் ஒட்டியது, ஆறுகள் எல்லாம் ஒரே கனம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதைப் பையன் சரியாகப் பிடித்தான். கல்லணைக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கேயே சுற்றிச் சுற்றித் தடவினான். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுது டீச்சர்?" அட்டையில் அதற்குப் பதிலே இல்லை. கயிற்றுக்கு ஏது மேற்கு, கிழக்கு?

கும்பகோணம்:
ஒரே கனத்தில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். காவிரிக்கு மூன்று இழை முறுக்கிய சணல், வெண்ணாற்றுக்கு ஒற்றை இழை. புது ஆறு மனிதர் வெட்டிய கால்வாய், அதற்குப் பற்சக்கரத்தால் (தாளில் உருட்டினால் புள்ளி குத்தும் சிறு சக்கரம்) புள்ளிக்கோடு போடுங்கள். கடலுக்கு உப்புத்தாள். கோடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் விரலுக்கு எல்லாம் ஒரே கோடுதான். கல்லணைப் பக்கம் அந்த இடம் கிடைக்காது, அதை மட்டும் தனித்தாளில் பெரிதாகப் போடுங்கள். பற்சக்கரம் பின்பக்கத்தில் ஓடுவதால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். மறந்தால் நாகப்பட்டினம் திருச்சிக்கு மேற்கே போய்விடும்.

ஓட்டத்துக்கு ஒரு வழி: கெட்டித்தாளைச் சிறு துண்டுகளாக்கி, மேற்குத் துண்டின் நுனி கிழக்குத் துண்டின் மேல் ஏறும்படி ஓடு வேய்வது போல வரிசையாக ஒட்டுங்கள். கடலை நோக்கி விரல் வழுக்கும், எதிரே வந்தால் விளிம்பு தட்டும்.

மன்னார்குடி:
சணல் சரி, பெயரை யார் எழுதியது? ஒரு வரைபடத்தில் "கலல்ணை" என்று ஒரு பெண் உரக்கப் படித்தாள். அவள் படித்ததில் தப்பில்லை. பிரெயிலில் மெய்யைக் காட்டுவது ஆறு புள்ளிகளில் நான்காம் புள்ளி, அது எழுத்துக்கு முன்னால் வரும். அச்சுப் பழக்கத்தில் பின்னால் வைத்தால் அடுத்த எழுத்துதான் மெய்யாகும். கொம்பிலும் அச்சு வரிசை செல்லாது: "கெ" என்றால் முதலில் க, பிறகு எ. பிரெயில் குத்தும் சிலேட்டில் தாளின் பின்பக்கமாக, வலமிருந்து இடமாகக் குத்துவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூர்:
கும்பகோணம் அண்ணன் சொன்ன ஓட்டு வேலை நல்லதுதான், ஆனால் துண்டின் மூலை கூர்மையாக இருந்தால் பிள்ளைகள் விரலை எடுத்துவிடுவார்கள். மூலையை வெட்டி மழுக்குங்கள். பெவிகால் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும், ஈரத்தில் தடவினால் தாள் பெயர்ந்து வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இது: பையனின் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லணையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தன்னார்வலர்கள் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். பிடித்து இழுத்த கை இறுகிவிடும், விரல்நுனிக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கை அடியில், அவன் கை மேலே. முதலில் இரண்டு உள்ளங்கையாலும் அட்டையின் நாலு ஓரத்தையும் தடவட்டும். அப்புறம் கடல். கடற்கரையில் வலது கை தங்கட்டும், இடது கை மேற்கே முக்கொம்புவரை போய்த் திரும்பட்டும். அதுவரை நீங்கள் பேச வேண்டாம். கேள்வி அவனிடமிருந்து வரும்.