மறு: ஆஃப்-ஒயிட்டின் அண்டர்டோன்: அடிநிறமா, உட்சாயலா?

நண்பர்களுக்கு,

வண்ண அட்டை மொழிபெயர்ப்பை நாளை அனுப்பியாக வேண்டும். நேற்றைய மடல்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டதால், சிக்கலை மறுபடி சொல்கிறேன். ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் நிறுவனத்தின் அலபாஸ்டர், கிரீக் வில்லா இரண்டும் வீட்டுச் சுவருக்கான ஆஃப்-ஒயிட் நிறங்கள். விழும் ஒளியில் எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரை அளந்தால் முன்னது 82, பின்னது 84. தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் வெள்ளைதான். தூய வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்தால் உள்ளிருக்கும் மஞ்சள் தெரியும். அதைத்தான் ஆங்கிலத்தில் அண்டர்டோன் என்கிறார்கள்; அதற்குத்தான் தமிழில் சொல் வேண்டும்.

> அடிநிறம் போதும். எளிது, எல்லோருக்கும் புரியும்.

பெயிண்ட் அடிப்பவருக்கு வேறு மாதிரிப் புரிந்துவிடும். பிரைமரை அடிப்பூச்சு என்று எழுதி வருகிறோம். 'அடிநிறம் மஞ்சள்' என்று அச்சிட்டால், முதல் கோட் மஞ்சளில் அடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். தவிர, இது அடியில் நிலையாகக் கிடக்கும் படலமும் அல்ல. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தூக்கலாகத் தெரியும், நீலம் கலந்த பகல் வெளிச்சத்தில் அடங்கிவிடும்.

> சாயல் கூடவே கூடாது. 'சாயல் மென்மை' என்பது தொல்காப்பியம். நிறம் எங்கே வந்தது?

நூற்பா சரி. தொல்காப்பியத்தில் அது வரும் அதே உரியியல் பகுதிதான் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது. அதற்காகச் சிவப்புப் பெயிண்டைச் சினப் பெயிண்ட் என்போமா? அடுத்த நூற்பாவிலேயே அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்று தொல்காப்பியர் இடம் தந்துவிடுகிறார். வழக்கு விரிந்தால் இலக்கணமும் இடம் கொடுக்கும். மஞ்சள் சாயல், நீலச் சாயல் என்று இன்று எல்லோரும் எழுதுகிறோம். 'சாய்' என்ற வேரை வைத்துப் பார்த்தாலும், வெள்ளை எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது என்பதுதானே இங்கே கேள்வி?

> ஆஃப்-ஒயிட்டுக்கு வெளிர்வெண்மை?

வெளிர்நீலம் என்றால் வெள்ளை கலந்த நீலம். வெள்ளையில் வெள்ளை கலந்தால் என்ன ஆகும்? 'மங்கல் வெள்ளை'யும் வேண்டாம், அழுக்கு என்று படும். இதை ஆஃப்-ஒயிட் என்றே விடுகிறேன். தனித்தமிழ் அன்பர்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் வாங்குபவர் சொல்லிக் கேட்கும் சொல் அது.

அண்டர்டோனுக்கு உட்சாயல் என்று எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலோர் அதற்கே சரி என்றுவிட்டார்கள். அடிநிறம்தான் வேண்டும் என்பவர்கள், அடிப்பூச்சோடு குழம்பாத வழி ஒன்று சொன்னால் அடுத்த பதிப்பில் மாற்றலாம்.