புதுப்பிப்பு: ஸ்டீயரிங்கா, பெடலா? பெடலே போதுமாக இருந்தது

கார் பந்தய வீடியோ விளையாட்டுக்கு, கியர் வகை ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங்கை (காரின் இழுப்பைக் கியர் வழியாகக் கைக்குத் தருவது) விட்டு டைரக்ட் டிரைவுக்கு (மோட்டாரோடு நேராக இணைந்த ஸ்டீயரிங்) போகலாமா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் பிரேக்கை மாத்துங்க தம்பி" என்ற பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணனின் யோசனைதான் பலித்தது.

த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் டி-எல்சிஎம் பெடல் தொகுப்பை வாங்கினேன். என் பழைய பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை அளந்தது. இதன் பிரேக்கிலுள்ள லோட் செல் என்ற உணரி அழுத்தத்தை அளக்கிறது. தூரத்தைவிட அழுத்தம்தான் காலுக்கு நன்றாக நினைவிருக்கிறது. விளையாட்டில் கயலாமி பந்தயத் தடத்தின் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது டயர் பூட்டிக்கொள்வது (சுழலாமல் வழுக்குவது) வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்டீயரிங் அதேதான்!

கணினியில் இது தனி யூஎஸ்பியில் ஓடும், எந்த நிறுவனத்தின் ஸ்டீயரிங்கோடும் சேரும். விளையாட்டின் அமைப்பில் பிரேக்கை மறுபடி குறித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்றால் த்ரஸ்ட்மாஸ்டர் ஸ்டீயரிங்கே தேவை.

எதிர்பாராதது நாற்காலி. ஓங்கி மிதித்தால் உருளை வைத்த நாற்காலி பின்னால் ஓடுகிறது, பெடல் முன்னால் நகர்கிறது. உருளைகளைக் கழற்றினேன்; பெடலைப் பலகையில் திருகி, பலகையைச் சுவரோடு முட்டவைத்தேன். கூட வரும் ஸ்பிரிங்குகளில் மென்மையானதையும் மாட்டிப் பாருங்கள், ஸ்டீயரிங்கை மேசையில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது வசதி.

டைரக்ட் டிரைவ் ஆசை போகவில்லை. உறுதியான ஸ்டாண்ட் கிடைத்த பிறகு அதைப் பார்க்கலாம்.