மறுமொழி: வாடகை வழங்கியை ரத்து செய்வதா, காலி செய்வதா?

அனைவருக்கும் வணக்கம்.

வாடகைக்கு எடுத்த வழங்கியை (இணையத்தில் எப்போதும் ஓடும் கணினி, server) விட்டுவிடும் பொத்தானுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் பேசி வருகிறோம். ‘ரத்து செய்’ என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதில் நான் பட்டிருக்கிறேன்.

2020 மார்ச்சில் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இங்கே சுங்கை சிப்புட்டில் எங்கள் டியூஷன் பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு வழங்கியை வாடகைக்கு எடுத்துப் பாடக் காணொளிகளைப் போட்டு வைத்தோம். தோட்டத்து (எஸ்டேட்) பக்கம் இணையம் வரும் போகும். கிடைக்கிற நேரத்தில் பிள்ளைகள் இறக்கிக்கொள்வார்கள். பள்ளி திறந்ததும் ‘நிறுத்து’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் மாதம் 38 ரிங்கிட் போய்க்கொண்டே இருக்கிறது. நின்றது இயந்திரம் மட்டும்தான். இடம் என் பெயரிலேயே இருந்திருக்கிறது.

நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதுதான் பெரிய குழப்பம். டிஜிட்டல் ஓஷனில் வழங்கியை அணைத்து வைத்தாலும் முழு வாடகை உண்டு, அழித்தால்தான் நிற்கும். அமேசானில் நிறுத்தினால் கணிப்புக்கு, அதாவது இயந்திரம் ஓடும் நேரத்துக்கு, காசு இல்லை, ஆனால் தரவு இருக்கும் வட்டுக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் அசூரில் உள்ளே நுழைந்து அணைத்தால் கட்டணம் தொடரும், வெளியே அவர்களுடைய பக்கத்திலிருந்து நிறுத்தினால் கணிப்புக் கட்டணம் நிற்கும். ஆகவே தமிழ்ப் பொத்தானைப் படிப்பவருக்கு ஒன்று கட்டாயம் தெரிய வேண்டும்: இதை அழுத்திய பிறகும் நான் காசு கட்டுவேனா?

‘ரத்து’ அதைச் சொல்லவில்லை. நடக்கவிருந்த கூட்டத்தை ரத்து செய்வோம், பயணத்தை ரத்து செய்வோம். இரண்டு வருடம் குடியிருந்த வீட்டை ரத்து செய்தேன் என்று யாராவது சொல்வார்களா? ‘துண்டிப்பு’ என்றால் பில் கட்டாதவர் வீட்டில் கரண்டை வெட்டுவது, அது மின்சார நிறுவனம் செய்வது. ‘முடிவுறுத்தல்’ எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையாது.

வாடகைக்கு எடுத்ததை விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: காலி செய்தல். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும். சாவியைக் கொடுத்தால்தான் காலி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேலையை விட்டுப் போகிற குடும்பம் ஆபீசில் கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சாவியைக் கொடுத்த பிறகுதான் அந்த வீடு அடுத்தவருக்கு.

அப்புறம் மிச்சம் மீதி. டவுனில் வீட்டைக் காலி செய்தவர் டிஎன்பி (மின்சார நிறுவனம்) கணக்கை மூடாவிட்டால் பில் அவர் பெயரில்தான் வரும். இங்கேயும் அப்படியே. ஸ்னாப்ஷாட் படிகள் (வழங்கியை அப்படியே எடுத்து வைத்த நகல்கள்), கூடுதல் வட்டு, தனியாக எடுத்த ஐபி முகவரி (இணையத்தில் வழங்கியின் எண் விலாசம்) எல்லாம் வழங்கியோடு தானாகப் போய்விடாது. 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. இவற்றுக்கு ‘ஒட்டுச் சேவைகள்’ என்ற பெயரை முன்வைக்கிறேன். தளப்பெயர் (இணையதளத்தின் பெயர், domain) வேறு கதை: அதற்கு ஆண்டுக் காசு முன்னாலேயே கட்டியாகிவிட்டது, எனவே அங்கே ‘புதுப்பிக்க வேண்டாம்’ என்பதே சரி.

இந்தப் பேச்சில் ஆசிரியர் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> ‘காலி’ உருது வழி வந்தது. வீட்டை ஒழித்துக் கொடுத்தல் என்று பழையவர்கள் சொல்வார்களே, அதை எடுக்கலாமே?

ஐயா, அது அழகான சொல்தான், என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ‘ஒழி’ என்று பொத்தானில் தனியாக நின்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் திட்டுவது போலத்தான் படும். ‘ரத்து’ மட்டும் எங்கிருந்து வந்தது? அதுவும் அரபு வழிதான்.

குப்பைத்தொட்டியைக் காலி செய்வதோடு குழம்பும் என்று இங்கே தங்கை ஒருவர் சொன்னது நியாயம். அதனால் பொத்தானில் முழுதாக ‘வழங்கியைக் காலி செய்’ என்றே இருக்கட்டும். கீழே ஒரு வரி: ‘உள்ளே உள்ள தரவு அழிந்துவிடும், வாடகை இன்றோடு நிற்கும், ஒட்டுச் சேவைகளைத் தனியே பாருங்கள்.’

சரி என்றால் பட்டியலில் நானே மாற்றிவிடுகிறேன்.