மறு: ‘நியூரல் கிரெஸ்ட்’ – ‘குழல்முகடு’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு நாள் தாமதமாக வருகிறேன், அதற்குள் ‘நியூரல் கிரெஸ்ட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழை எங்கேயோ போய்விட்டது. (கருவின் முதுகுப் பக்கம் தோன்றி உடம்பெங்கும் பரவும் ஒரு செல் கூட்டம் அது.)

> ‘நரம்பு முகடு’ என்று போட்டால் வேலை முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. சனிக்கிழமைகளில் தாராவியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பலகையில் ‘நரம்பு முகடு’ என்று எழுதின கையோடு ஒரு பெண் கேட்டாள், “அப்போ இதுல இருந்து நரம்பு மட்டும்தானே சார் வரும்?” நரம்பும் வரும்தான். ஆனால் தாடை, முக எலும்புகளில் பெரும்பங்கு, பல்லுக்குள் இருக்கும் டென்டின், தோலுக்கு நிறம் தரும் செல்கள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, இவ்வளவும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. முன்னால் ‘நரம்பு’ என்று மாட்டிவிட்டால் மற்றதெல்லாம் மறைந்துபோகிறது. 1868இல் கோழிக்கருவில் இதை முதலில் பார்த்துச் சொன்ன உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் வைத்த ஜெர்மன் பெயருக்கு ‘இடைக்கயிறு’ என்று பொருள், அதில் நரம்பே கிடையாது. பின்னால் வந்த ஆங்கிலப் பெயரைத்தான் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

> வரப்பு என்று வைக்கலாமே. இரண்டு பக்கமும் மேடு, நடுவே பள்ளம்.

தில்லி அண்ணனின் வரப்பு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் எந்த வயலிலும் எதிரெதிர் வரப்புகள் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை, கருவில் நடப்பதே அதுதான். சோமாசி செய்பவர்களுக்கு (இங்கே பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்களுக்கு அது கரஞ்சி) சுலபமாகப் புரியும். திரட்டின மாவு வட்டத்தின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் ஒட்டுகிறோம். ஒட்டின வாயில் நகத்தால் முறுக்கு வைக்கிறோம். கருவின் முதுகில் தட்டையாக இருக்கும் தகடும் இப்படித்தான் மடிந்து நரம்புக்குழலாகிறது. அந்த முறுக்கு இருக்கும் இடத்துச் செல்கள்தான் பிரிந்து கிளம்பி உடம்பெல்லாம் போய்க் குடியேறுகின்றன. சோமாசியின் முறுக்கு எழுந்து நடப்பதில்லை, உவமை அவ்வளவுதான் தாங்கும்.

அதனால் முகடு இருக்கட்டும் என்கிறேன். ஆங்கிலத்துக்கு நேராக வருகிறது என்பதற்காக அல்ல. நம் ஓட்டு வீட்டில் இரண்டு சரிவும் மேலே வந்து சேரும் இடத்துக்குத்தான் முகடு என்று பெயர், இங்கேயும் இரண்டு மடிப்பு சேரும் இடம்தானே. மாற்ற வேண்டியது முன்னால் உள்ள ‘நரம்பு’. எதுவாக ஆகிறது என்பதை விட்டுவிட்டு எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும்: குழல்முகடு. கிளம்பிப் போகிறவை முகட்டுச் செல்கள்.

> இவ்வளவு மெனக்கெட இது அத்தனை முக்கியமா?

ஆம்ஃபியாக்ஸஸை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் விரல் நீளப் பிராணி. முதுகுநாண் (முதுகு நெடுக ஓடும் தண்டு) உண்டு, அதற்கு மேலே நரம்புக்குழல் உண்டு, செவுள் பிளவுகள் உண்டு, வால் உண்டு. மண்டையோடு இல்லை, தாடை இல்லை, முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குழல்முகடும் இல்லை. முதுகெலும்பிகளின் தலையில் பெரும்பகுதி புதிதாகச் சேர்ந்தது, அதைக் கட்டியதில் இந்தச் செல்களுக்குப் பெரும் பங்கு என்று 1983இல் கான்ஸ், நார்த்கட் என்ற இரண்டு உயிரியலாளர்கள் எழுதினார்கள். விலாங்கு போல் நீண்ட லாம்ப்ரே மீனைப் பாருங்கள், தாடை கிடையாது, முள்ளெலும்பு என்று பார்த்தால் சின்னச் சின்னக் குருத்தெலும்புத் துண்டுகள்தான், ஆனால் குழல்முகடு உண்டு. நம் கூட்டத்துக்கு முதுகெலும்பை வைத்துப் பெயர் சூட்டியதே கொஞ்சம் அவசரம் என்று எனக்கு ஒரு எண்ணம். (முதுகெலும்பு குழல்முகட்டிலிருந்து வருவதில்லை, அது வேறு வழி.)

இந்தச் செல்கள் எங்கே போகின்றன என்பதை பிரெஞ்சுக் கருவியலாளர் நிக்கோல் லெ துவாரின் கண்டுபிடித்த விதம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். காடைச் செல்லின் உட்கரு கோழியினுடையதிலிருந்து வேறுபட்டுத் தெரியும். காடைக்கருவின் முகட்டைக் கோழிக்கருவில் ஒட்டிவைத்தால் எந்தச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பின்தொடரலாம். பொரித்து வந்த கோழிக்குஞ்சின் இறகில் அங்கங்கே காடையின் நிறம்! ஊர்ப்பக்கம் நெற்றிச்சுட்டி மாடு பார்த்திருப்பீர்கள், அந்த வெள்ளைத் திட்டு நிறச்செல்கள் வந்து சேராத இடம். முதுகிலிருந்து கிளம்புகிறவைக்கு வயிறு தூரம், தெருநாய்களில் பலவற்றுக்கு வயிறு வெள்ளையாக இருப்பதையும் கவனியுங்கள்.

> இதயமும் முதலில் குழல்தான். குழப்பாதா?

நியாயமான கேள்வி. ஆனால் இதயக்குழலுக்கு முகடு கிடையாது, அதனால் மோதாது.

அப்புறம், குழல் + முகடு சேர்ந்தால் ‘குழன்முகடு’ ஆக வேண்டும் என்று நம் இலக்கண நண்பர் நாளைக்கு எழுதுவார், எனக்குத் தெரியும். விதி சரிதான் ஐயா. ஆனால் ‘குழன்’ என்று எழுதினால் அது யார் சார் என்று அந்தப் பெண்ணே கேட்பாள். வேண்டுமானால் இடம்விட்டு ‘குழல் முகடு’ என்றே எழுதிக்கொள்கிறேன்.