அம்மாவுடன் ரயிலில் மார்செய்: தாத்தா கப்பலிறங்கிய இடத்தைப் பார்க்க முடியுமா?

சர்செல்_மகள்:
வணக்கம். புதுச்சேரியிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 74, முட்டி வலி உண்டு. அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். 1950களில் தெற்குப் பிரான்சின் துறைமுக நகரமான மார்செயில் கப்பலிறங்கியவர். "அப்பா கால் வைத்த துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்கிறார் அம்மா. அக்டோபரில் ஒரு வெள்ளி போய் ஞாயிறு திரும்பலாம் என்று நினைக்கிறேன். பாரிஸ் புறநகரில் உள்ள கார்ஜ்-சர்செல் ஸ்டேஷனில் இருந்து கிளம்புவோம். எந்த ரயில் எடுப்பது? வியூ போர் பக்கம் தங்கினால் போதுமா? அம்மா சுத்த சைவம்.

ஜோலியத்_வாசி:
தங்கச்சி, வியூ போர் அழகான இடம், கட்டாயம் போங்கள். ஆனால் தாத்தா அங்கே இறங்கியிருக்க மாட்டார். அது பழைய துறைமுகம், பெரிய கப்பலுக்கு இடம் போதாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜோலியத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். சூயஸ் வழியாக வந்த கப்பல்கள் எல்லாம் அங்கேயும் அதற்கு வடக்கே உள்ள துறைகளிலும்தான் கட்டின. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

மார்செயில் நீங்கள் வந்திறங்கும் சேன் ஷார்ல் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ 2ஆம் லைனில் இரண்டாவது நிறுத்தம் ஜோலியத். பக்கத்திலேயே தெராஸ் து போர் என்ற கடைத்தொகுதி. அதன் கடல் பக்க மாடிக்கு லிஃப்டில் ஏறலாம், டிக்கெட் கிடையாது. கோர்சிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகிற கப்பல்கள் கண்ணெதிரே நிற்கும். மாலையில் கிளம்பும் கப்பல் கயிற்றை அவிழ்த்து, மெல்லத் திரும்பி, அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை உட்கார்ந்து பார்க்கலாம். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். எதிரே லே தோக் என்ற பழைய சரக்குக் கிடங்கு, 365 மீட்டர் நீளம். தாத்தா வந்த காலத்திலும் இருந்த கட்டடம் அது.

சேன் ஷார்லின் பெரிய படிக்கட்டு 104 படி, 1927இல் திறந்தது. மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ளேயே இருப்பதால் அம்மா அதில் இறங்க வேண்டாம். ஆனால் அங்கே ஆசியக் காலனிகள், ஆப்பிரிக்கக் காலனிகள் என்று பெண் உருவில் படுத்திருக்கும் இரண்டு கற்சிலைகள் உண்டு. புதுச்சேரியும் பிரெஞ்சுக் காலனியாக இருந்ததுதானே, நம் ஆட்களையும் சேர்த்துத்தான் அந்த ஆசியா. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். நீங்களாவது இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரயில்_ரசிகன்:
ரயில் விஷயம் நான் சொல்கிறேன். கார்ஜ்-சர்செலில் ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயிலில் ஏறினால் மாறாமல் பாரிஸின் கார் த லியோன் ஸ்டேஷன். அங்கிருந்து தெஜெவே என்ற அதிவேக ரயில், மூன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே உய்கோ என்ற சேவை மலிவு, ஆனால் ஒரு சிறு பெட்டியும் ஒரு கைப்பையும்தான் இலவசம். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதால் சீனியர் அவான்தாஜ் கார்டு எடுக்கலாம். வருடத்துக்கு 49 யூரோ, உய்கோ அல்லாத டிக்கெட்டில் 30% குறையும். ஒரே பயணத்துக்கு லாபமா என்று கணக்குப் பார்த்து எடுங்கள்.

முட்டி வலி என்றால் கீழ்த்தளத்தில் சீட் போடுங்கள். ஒன்று கவனம்: மாடி ரயிலில் பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல்தளத்தில்தான். அதனால் உங்கள் பெட்டியின் கதவிலேயே ஏறிவிடுங்கள். பிளாட்பாரம் கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போதுதான் போர்டில் வரும். எழுத்து வந்தால் முதல் ஹால், எண் வந்தால் இரண்டாவது ஹால்.

நொவாய்_அக்கா:
சாப்பாட்டுக்கு பனீஸ் கேளுங்கள். கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து, வெட்டிப் பொரிப்பது. மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நொவாய் சந்தையில் பழம், கீரை, மசாலா எல்லாம் உண்டு.

மலைமேல் இருக்கும் நோத்ர தாம் த லா கார்ட் மாதா கோயிலுக்கு வியூ போரில் 60ஆம் நம்பர் பஸ். இறங்கியும் கொஞ்சம் படி ஏற வேண்டும். உள்ளே கூரையிலிருந்து குட்டிக் குட்டிக் கப்பல்கள் தொங்கும், கடலில் தப்பித்தவர்கள் நேர்ந்துகொண்டு வைத்தவை. அம்மாவுக்குப் பிடிக்கும். மிஸ்த்ரால் காற்று அடித்தால் மலைமேல் நிற்கவே முடியாது. சால்வை எடுத்துப் போங்கள்.

சர்செல்_மகள்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஜோலியத்" என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்கிறார்! தங்குவதை அங்கேயே மாற்றிவிட்டேன். சனிக்கிழமை மாலை எத்தனை மணிக்குக் கப்பல் கிளம்பும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?