புதுப்பிப்பு: சூழலுக்கேற்ப ஒளிரும் பாலிமர் படலம்

பாலக்காட்டின் கிழக்கே, சித்தூர்ப் பகுதிக் கிணற்று நீரின் அமில, காரத் தன்மையை ஒளியால் காட்டும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) படலத்தைச் செய்யவிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். ஒளிரும் சாயத்தைப் படலத்தில் கலந்தாலே போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வெறுமனே கலந்த ஃப்ளோரசீன் என்ற அந்தச் சாயம் நீரில் கசிந்து போய்விடும் என்பதால், அதன் ஒரு வகையான அமினோஃப்ளோரசீனை, பாலிமர் சங்கிலியில் சேரக்கூடிய அக்ரிலாயில் தொகுதியுடன் அமைடு என்ற உறுதியான பிணைப்பால் இணைத்து, காண்டாக்ட் லென்ஸ் செய்யப் பயன்படும் ஹெமா மோனோமருடன் (பாலிமரின் அடிப்படை மூலக்கூறு) சேர்த்துப் பாலிமராக்கினோம். அமைடுக்குப் பதிலாக எஸ்டர் என்ற பிணைப்பால் சாயத்தை இணைத்திருந்தால், அது காரநீரில் மெல்ல அறுந்துவிடும்.

நீல விளக்கின்கீழ் சோப்புத் தண்ணீர் பட்டவுடன் படலத்தின் ஓரங்கள் முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கின்றன, நடுப்பகுதி சற்றுத் தாமதித்தே பின்தொடர்கிறது. புளித்தண்ணீரில் அந்த ஒளி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஃப்ளோரசீன் பலமாக ஒளிர்வது, அமிலத்தன்மை குறையும்போது உருவாகும் இரட்டை எதிர்மின்னூட்ட வடிவில்தான். கரைசலில் அவ்வடிவம் பிஎச் (அமில, கார அளவுகோல்; 7 நடுநிலை) 6.4-ஐ ஒட்டிப் பாதியளவை எட்டி, 8-க்குள் ஏறக்குறைய நிறைவடைந்துவிடுவதால், அதற்கு மேலுள்ள காரத்தன்மையை இந்தப் படலம் பிரித்துக் காட்டாது.

கிணற்று நீரிலுள்ள ஃப்ளோரைடையும் இது காட்டுமா என்று பலரும் கேட்டார்கள்; அது வேறு விஷயம். இந்தியத் தரநிலை குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று நீர் இல்லாதபோது 1.5-ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. ஃப்ளோரைடு சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பை வெட்டும் இயல்பைப் பயன்படுத்தி, சிலில் தொகுதியால் (சிலிக்கன் கொண்ட மூடி) ஒளிராதபடி மூடிய கூமரின் என்ற வேறொரு சாயத்தைப் பாலிமரில் கோர்க்கலாம்; ஃப்ளோரைடு மூடியை வெட்டினால் அது ஒளிரும். ஆனால் நீர் மூலக்கூறுகள் ஃப்ளோரைடை இறுகச் சூழ்ந்துகொள்வதால் அவ்வினை நீரில் மந்தமாகவே நடக்கும். ஆகவே, அடுத்து இந்தக் கூமரின் படலத்தைத்தான் செய்து பார்க்கப் போகிறோம் என்றாலும், விரைவான விடையை எதிர்பார்க்க வேண்டாம்.