கலைச்சொல் விவாதம்: ‘லோக்கஸ் ஆஃப் கன்ட்ரோல்’ – ‘வசம்’ ஒத்துவருமா?

அண்ணாச்சி, வணக்கம்.

உளவியலில் வரும் ‘லோக்கஸ் ஆஃப் கன்ட்ரோல்’ என்பதற்கு நீங்கள் நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கும் ‘கட்டுப்பாட்டு மையம்’ எனக்கு ஒப்பவில்லை. கொக்கிரகுளத்தில் நின்று இந்தச் சொல்லைச் சொன்னால், கலெக்டர் ஆபீஸில் மழைக்காலத்தில் இயங்கும் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் வழி காட்டுவார்கள். லோக்கஸுக்குக் கணக்குப் பாடத்தில் சொல்லும் ‘இயங்குவரை’யும் சரிவராது. இங்கே லோக்கஸ் என்பது வெறும் ‘இடம்’தான்.

அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966இல் வெளியிட்ட ஆய்வுரையை எடுத்துக்கொள்வோம். தனக்கு நடப்பது தன் செய்கையால் நடக்கிறது என்று ஒருவர் எண்ணுகிறாரா, அல்லது அதிர்ஷ்டம், விதி, பெரிய இடத்து ஆட்கள் என்று வெளியே கை காட்டுகிறாரா? இதைத்தான் அவர் அளக்கப் பார்த்தார். மொத்தம் 29 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் தனக்குச் சரியென்று படுவதை ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் 6 ஜோடி சும்மா போக்குக் காட்ட, 23க்குத்தான் மதிப்பெண். ஆக, பிடி நிஜத்தில் யாரிடம் இருக்கிறது என்பது அங்கே கேள்வியே இல்லை. யாரிடம் இருப்பதாக அவர் நினைக்கிறார் என்பதுதான் கேள்வி. அந்த ‘நினைப்பு’ நம் கலைச்சொல்லில் விட்டுப்போகக் கூடாது.

இந்த நினைப்பு நடத்தையில் தெரியும். சீமன், எவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1962இல் மருத்துவமனையில் இருந்த காசநோயாளிகளிடம் விசாரித்தார்கள். தன் கையில் எதுவும் இல்லை என்று இருந்தவர்களுக்குத் தங்கள் நோயைப் பற்றியே குறைவாகத்தான் தெரிந்திருந்தது. பிடி தன்னிடம் இல்லை என்று நினைப்பவர் டாக்டரிடம் எதற்குத் துருவிக் கேட்கப் போகிறார்?

நம் பேச்சில் இதற்கு ‘நம்ம கையில என்ன இருக்கு’ என்கிறோம். ஆனால் ‘கை’யை வைத்து ‘தன்கைமை’ என்று ஆக்கினால் கைம்மை வந்து நிற்கும், வேண்டாம். சாவி யார்வசம், வயல் யார்வசம் என்று கேட்கிறோமே, அந்த ‘வசம்’ எடுத்துக்கொள்ளலாம். தன்வசம், புறவசம், பொதுப்பெயராக ‘வசநம்பிக்கை’. ‘வசவெண்ணம்’ என்றும் போட்டுப் பார்த்தேன், யாரோ திட்டுகிற மாதிரி இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து,
தம்பி

* * *

தம்பி,

மையத்துக்காக நான் மல்லுக்கட்டப் போவதில்லை. வசம் வடசொல் என்று இரண்டு பேர் கொடி பிடிப்பார்கள், பிடிக்கட்டும். கைவசம் என்று சொல்லாத வீடு இல்லை.

என் சண்டை ‘நம்பிக்கை’யோடு. வாசிப்பவர் அதைத் தன்னம்பிக்கை என்றே எடுத்துக்கொள்வார். ‘இந்தக் காரியம் என்னால் முடியும்’ என்ற எண்ணத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் தனிக் கருத்தாகவே வைத்தார். படித்தால் மார்க் வரும் என்று ஒரு பையன் உறுதியாக நினைக்கலாம். ஆனால் தனக்குப் படிப்பு ஏறாது என்றும் அவனே நினைக்கலாம். முதல் நினைப்பு நம் விஷயம், இரண்டாவது பண்டுராவுடையது. ‘வசநோக்கு’ என்று மாற்றினால் இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது, தன்வசம், புறவசம் என்று இரண்டு பெட்டி போதாது. உளவியலாளர் ஹன்னா லெவன்சன் 1970களிலேயே புறத்தை உடைத்து, அதிகாரமுள்ள பிறர் தனி, தற்செயல் தனி என்று வைத்துவிட்டார். அது ஏன் வேண்டும் என்பதற்கு முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் மதினி ஒருத்தி போதும். சுளகை மடியில் வைத்து இலையை வெட்ட ஆரம்பித்துவிட்டால், தூளை வைத்துச் சுருட்டி நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிற வரைக்கும் கை தன்பாட்டுக்கு ஓடும். கண் டிவியில் இருக்கும். ‘இன்னைக்கு ஆயிரம் முடிச்சிருவேன்’ என்பாள், முடித்தும்விடுவாள். சாயங்காலம் பீடிக்கடையில் அவர்களே கொடுத்த மட்ட இலையில் சுற்றிய பீடியை ஒதுக்கிப் போட்டுக் கூலியைக் குறைக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். கேட்டால், ‘அவன் கையிலல்லா இருக்கு’. இவளைப் புறவசக்காரி என்று ஒரே கட்டத்தில் அடைத்தால் என்ன அளந்தோம்? அவள் சொன்னது கடையின் நிலவரம்.

அந்த நிலவரமே உடம்பைக் கெடுக்கும் என்பதும் தெரிந்ததுதான். 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், வேலையில் பிடி குறைவாக இருந்த பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது.

கடைசியாக, ஊழை எங்கே வைப்பாய்? ராட்டர் விதியையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே பக்கம் போட்டார். நமக்கு ஊழ் என்பது நாமே முன்பு செய்த வினை, கண்மூடித்தனமான தற்செயல் இல்லை. அது புறமா, அகமா?

பாளையங்கோட்டை அண்ணாச்சி

* * *

அண்ணாச்சி,

வசநோக்கு நல்ல சொல், அதையே வைத்துக்கொள்கிறேன்.

மூன்று பெட்டிக்கும் சம்மதம். எங்கள் பக்கத்து விவசாயி கார் நடவைப் பற்றிப் பேசும்போது மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். நாற்று தன்வசம். பாபநாசம் அணைத் தண்ணீரை எப்போது திறப்பது என்பது அதிகாரிகள் வசம். அந்த 143 அடி அணைக்குத் தண்ணீர் வருமா என்பது மழையின் வசம். ஆகவே தன்வசம், பிறர்வசம், தற்செயல்வசம்.

குழுவில் ஒருவர் தன்வசத்துக்குப் பதில் ‘தன்னாளுமை’ என்று எழுதியிருந்தார். அது பாராட்டுப் பத்திரம் மாதிரி இருக்கிறது. தன்வசநோக்கு பொதுவாக உற்சாகத்தோடும் மனநலத்தோடும் சேர்ந்து வருகிறது, உண்மைதான். ஆனால் பிடியே இல்லாத இடத்திலும் பிடி தன்னிடம்தான் என்று நினைப்பவர் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்வார். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதில் சரக்கு போன கடைக்காரர் ஒருவர், மூட்டையை முந்தின நாளே மாடிக்கு ஏற்றியிருக்க வேண்டும் என்று இன்னமும் தன்னையே ஏசிக்கொள்கிறார். அவருக்கு அந்த நோக்கால் தூக்கம்தான் போயிற்று. அதனால் சொல் நடுநிலையாக இருக்கட்டும்.

ஊழை எந்தப் பெட்டியிலும் திணிக்க எனக்கு மனமில்லை. உடல்நலத்துக்கான வசநோக்கு அளவையில் வால்ஸ்டன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 1999இல் கடவுளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். ‘சாஸ்தா விட்ட வழி’ என்பவருக்குத் ‘தெய்வவசம்’ அங்கே பொருந்தும். ஊழ்வசத்துக்கும் அதே மாதிரித் தனி வரி கொடுத்து, ‘முன்வினையால் அமைந்ததாகக் கொள்வது, தற்செயல் அன்று’ என்று விளக்கம் எழுதலாம். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கும்போது நாம் ஏன் குழப்ப வேண்டும்?

பதிவு இப்படி இருக்கட்டும்: ‘வசநோக்கு – தனக்கு நேர்வனவற்றின் பிடி எவர்வசம் அல்லது எதன்வசம் உள்ளது என்று ஒருவர் பொதுவாகக் கொள்ளும் எண்ணம்.’ ஊழ்வசத்துக்குப் பக்கத்தில் இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். உளவியல் பாடம் எடுக்கிற தென்காசி அக்கா பார்த்துச் சொல்லட்டும்.

தம்பி